பிள்ளையார் பங்கு

வெள்ளவத்தைத் தமிழருக்குச் சுற்றுலா என்றால் வான். வான் என்றால் டிரைவர். அந்த டிரைவருக்கு நாடு முழுவதும் தேநீர்க் கடை தெரியும், எந்தச் சந்தியில் பொலிஸ் நிற்கும் என்று தெரியும், எந்தப் பாட்டுப் போட்டால் எந்த மாமி கண் கலங்குவார் என்பதும் தெரியும். நாங்கள் பின்னால் இருந்து முறுக்குக் கடித்துக்கொண்டு போவோம். நுவரெலியா வந்ததும் அவர் எழுப்புவார். இந்த ஏற்பாட்டில் திருத்துவதற்கு எதுவும் இல்லை என்று பரம்பரையாக நம்பி வந்த குடும்பத்துக்குள், ஸ்காபரோவிலிருந்து அக்காவோடும் பிள்ளைகளோடும் விடுமுறைக்கு வந்த அத்தான் ‘செல்ஃப் டிரைவ்’ என்றொரு கதையைக் கொண்டுவந்து போட்டார்.

"என்னத்துக்கு மச்சான் றைவர்? நான் நானூற்றியொண்டில ஓடுறவன்."

நானூற்றியொன்று என்பது ரொறொன்ரோவின் பெருந்தெரு. கனடாவிலிருந்து வருகிற அத்தான்மார் எல்லோரும் அதில் ஓடியவர்கள்தான். கொட்டுகிற பனியில், கண் தெரியாத இரவில், இரண்டு வேலை முடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் ஓடியிருக்கிறார்கள். மறுக்கவில்லை. அந்தத் தெருவில் யானை குறுக்கே நின்று வாழைப்பழம் கேட்பதில்லை என்பதை மட்டும் அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

திட்டம் சுருக்கமானது. கதிர்காமத்தில் முருகனைக் கும்பிட்டு, யாலவில் பிள்ளைகளுக்குச் சிறுத்தை காட்டி, புத்தல வழியாக எல்ல ஏறுவது. என் மனைவி வரவில்லை. செல்ஃப் டிரைவ் என்று கேள்விப்பட்ட அன்றே அவளுக்கு அலுவலகத்தில் லீவு கிடைக்காமல் போய்விட்டது.

கார் வாடகைக்குத் தந்த இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் காரின் படம் நாலு பக்கமும் வரைந்திருந்தது. ஏற்கெனவே இருக்கிற கீறல், நெளிவு எல்லாவற்றையும் ஒரு பெடியன் பேனாவால் வட்டம் போட்டுக் காட்ட, அத்தான் வழக்கறிஞர் மாதிரி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். பிறகு ஏறி இருந்து, புறப்படுகிற அறிகுறியாக வைப்பரைப் போட்டார். கனடாக் காரில் சிக்னல் இருக்கிற இடப்பக்கத் தண்டு, இங்கே ஓடுகிற ஜப்பான் காரில் வைப்பருக்கு உரியது. அன்றிலிருந்து நாங்கள் இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட்டது. அவசரமாக நிறுத்தினால் தண்ணீரும் பீய்ச்சும்.

பெரியம்மாவை ஏற்றக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். விடியவில்லை. ஜம்பட்டா வீதி முனையில் வெள்ளைச் சேலை, விபூதி, கையில் மூன்று பைகளோடு நின்றார். ஒரு பையில் உடுப்பு. மற்ற இரண்டிலும் சாப்பாடு.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இளவயதில் அவர் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து நடந்து, உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டு, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கி, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று நாட்கணக்கில் நடந்து போய்ச் சேர்ந்த கூட்டத்தில் ஒருத்தி. நாங்கள் டிக்கெட் எடுத்து ஜீப் பிடித்து, இறங்காதே, கை நீட்டாதே என்று ஆயிரம் சட்டம் கேட்டுக்கொண்டு போகிற அதே யாலக் காட்டைத்தான் அவர் தலையில் பொட்டலமும் வாயில் அரோகராவுமாகக் குறுக்கே நடந்து கடந்திருக்கிறார். இன்றைக்கும் திருவிழாவுக்கு முன்னர் உகந்தையில் காட்டுப் பாதை திறந்துவிட, ஆயிரக்கணக்கான சனம் நடக்கிறது. அத்தானுக்கு இது புதுச் செய்தி.

"மாமி, ஜீப் இல்லாமலோ? யானை வரேல்லையோ?"

"வந்தது. நாங்கள் நிண்டம். அவர் போனார். நாங்கள் நடந்தம்."

வன உயிர் பற்றி அந்தப் பயணத்தில் யாரும் சொன்ன புத்திமதிகளில் இதைவிடச் சிறந்தது வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் அப்போது அத்தான் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கொட்டாவைக்கு வந்து சேருவதற்குள் பொழுது விடிந்து, பிள்ளைகளுக்கு ஒரு முறை பசித்து, இன்னொரு முறையும் பசித்துவிட்டது. அதற்குப் பிறகு தெற்கு அதிவேக வீதி. 2011இல் காலி வரைக்கும் திறந்தார்கள், 2014இல் மாத்தறை, 2020இல் அம்பாந்தோட்டைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது கொழும்புத் தமிழனுக்குக் கதிர்காமம் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் வந்துவிட்டது. வீதியில் அத்தான் சொந்த ஊருக்குத் திரும்பியவர் போல இருந்தார். நிரை பிசகாமல், நூறு தாண்டாமல், ஒரு ஹோர்ன் அடிக்காமல் ஓடினார். ஓரத்தில் ஒரு கபரகொய்யா வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. பிள்ளைகள் "குரொக்கடைல்!" என்று கூச்சலிட்டார்கள். வெள்ளவத்தைக் கால்வாயோரம் இதைவிடப் பெரியது குப்பைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க ஒருவரும் விமானம் ஏறி வருவதில்லை.

மத்தள என்று பலகை வந்ததும் நான் வழிகாட்டி வேலையைத் தொடங்கினேன். காட்டுக்கு நடுவே சர்வதேச விமான நிலையம் கட்டி 2013இல் திறந்தார்கள். விமானங்கள் வந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் வராமல் விட்டுவிட்டன. 2015இல் சரக்குக் கட்டடத்தில் நெல் அடுக்கினார்கள். மறு வருடம் ஓடுபாதைப் பக்கம் உலாவிய யானை, எருமை, மான்களை வெளியேற்ற நூற்றுக்கணக்கான படையினரையும் பொலிஸாரையும் இறக்க வேண்டி வந்தது. பயணிகளைவிட மயில்கள் ஒழுங்காக வந்து போகிற விமான நிலையம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். "நெல்லு வைச்சா யானை வராமல் என்ன செய்யும்?" என்றார் பெரியம்மா. விசாரணை ஆணைக்குழு ஒன்று வைத்திருந்தாலும் இதற்கு மேல் கண்டுபிடித்திருக்காது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்தோம். கரையில் செங்குரங்கொன்று அத்தானின் வெயில் கிரீமைக் கவ்விக்கொண்டு மருத மரத்தில் ஏறி, மூடியைத் திறந்து, நக்கிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து அவர் தலைமேலேயே போட்டது. கோயில் வாசலில் ஆளுயரப் பழத்தட்டுகள். பெரியம்மா ஒன்று வாங்கினார். மாம்பழம், வாழைப்பழச் சீப்பு, பாதி வத்தகப்பழம், அன்னாசி, ஊதுபத்தி, செவ்வரத்தம்பூ. உள்ளே போனால் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, சாமி எங்கே என்பது. கதிர்காமத்தில் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரைதான். கப்புறாளைமார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே போய்ப் பூசை செய்துவிட்டு வருவார்கள். நாங்கள் திரையில் எழுதிய முருகனையும் வள்ளி தெய்வானையையும் கும்பிட்டு வருவோம். பூசை முடிந்து பழத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அந்தத் தட்டைப் பெரியம்மா மடியை விட்டு இறக்கவில்லை.

யாலவுக்குக் கட்டகமுவ வாசல் கிட்ட. ஆனால் நாங்கள் எடுத்து வந்த காரைக் காட்டுக்குள் விடமாட்டார்கள், நாலு சில்லும் இழுக்கிற வண்டி வேண்டும். அத்தானின் செல்ஃப் டிரைவ் அங்கே கட்டாய ஓய்வு பெற்றது. ஜீப் பேசினோம், ஜீப்போடு டிரைவரும் வந்தார். பெரியம்மாவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

டிக்கெட் ஜன்னலில் அடுத்த சோதனை. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு டொலரில் இன்னொரு விலை. அத்தான் தான் கொக்குவிலில் பிறந்தவன் என்றார். தமிழில் சொன்னார், பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் சொன்னார், கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னார். உள்ளே இருந்தவர் மிகவும் மரியாதையாக அடையாள அட்டை கேட்டார். அத்தானிடம் இருந்தது நீலக் கடவுச்சீட்டு.

"எண்பத்தேழில ஓடேக்க ஒருத்தரும் டிக்கெட் கேக்கேல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே கடனட்டையை நீட்டினார். "அது ஒருவழி, தம்பி," என்றார் பெரியம்மா.

1900இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் ஆன காடு இது. புலியும் சிங்கமும் இல்லாத நாட்டில் சிறுத்தைதான் காட்டுக்கு ராசா. தன்னை அடிக்க இன்னொன்று இல்லை என்பதால் பகலிலும் வெளியே நடமாடும், பாறையில் கால் நீட்டிப் படுத்திருக்கும். அதனால்தான் யால உலகப் புகழ் பெற்றது. இந்தப் புகழால் நடப்பது என்னவென்றால், ஒரு ஜீப்பின் கண்ணில் சிறுத்தை பட்டதும் டிரைவர்மாரின் கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரேயடியாக அலறும். எங்கள் டிரைவரும் தொலைபேசியைக் காதில் வைத்த நொடியில் வேறு மனிதராகிவிட்டார். இருபத்தைந்து கிலோமீற்றர் வேகம் என்று எழுதிய பலகை புழுதிக்குள் மறைந்தது. அக்கா இருக்கையிலும் கூரையிலும் மாறி மாறி இருந்தா.

போய்ப் பார்த்தால் ஒரு பாலை மரத்தைச் சுற்றி ஜீப்புகள். காலி வீதியில் சவோய் தியேட்டருக்கு முன்னால் மாலை ஐந்தரைக்குக் கூட நான் அப்படி ஒரு நெரிசல் பார்த்ததில்லை. முன்னுக்கு எடு, பின்னுக்கு எடு, டீசல் புகை, கமரா நீட்டிய கைகள். இலைகளுக்கு நடுவே, மேலே, ஒரு வால் தொங்கியது. நுனியை மட்டும் மெதுவாகச் சுருட்டியது. பிறகு விரித்தது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. இத்தனை வண்டி சத்தம் போட்டும் வாலுக்குரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் முழங்கை நீள லென்ஸால் வாலை விதம் விதமாகப் படம் பிடித்தார்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். "முழுசா பாக்கேல்ல, அம்மம்மா."

"கதிர்காமத்தில முருகனை முழுசா பாத்தனியளோ? திரைதானே. கும்பிட்டிட்டு வரேல்லையோ?" என்ற பெரியம்மா, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "கரடி நல்ல வடிவாத் தெரிஞ்சுது," என்றார்.

ஜீப் கப்சிப்.

"எந்தக் கரடி?"

"நீங்கள் எல்லாரும் வாலைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க இந்தப் பக்கம் இன்னொரு பாலைக்குக் கீழ. பாலைப்பழம் பொறுக்கித் திண்டுகொண்டு நிண்டது. பாவம், வாய் ஒட்டியிருக்கும்."

வன்னியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பாலைப்பழம் தேனாக இனிக்கும், பாலால் உதடு ஒட்டும். ஆனி ஆடியில் பழுத்துக் கொட்டும்போது கரடிகள் மரத்தில் ஏறியும் தின்னும், புளித்துப் போனதைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தள்ளாடும் என்றும் சொல்வார்கள். யாலவில் சிறுத்தையைவிடக் கரடி பார்ப்பதுதான் பெரிய அதிர்ஷ்டம் என்று டிரைவர் பெரியம்மாவைக் கும்பிடாத குறையாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று அத்தான் கேட்க, "ஒருத்தரும் கேக்கேல்லையே," என்று பதில் வந்தது.

மறுநாள் பின்னேரம் எல்லவுக்குப் புறப்பட்டோம். தேநீர் குடித்த கடைக்காரர் நாங்கள் புத்தல வீதியால் போகிறோம் என்றதும் எட்டிப் பார்த்தார். வழியில் யானை நிற்கும், தனியே முந்தாதே, தூரத்தில் நிறுத்திவிட்டுப் பஸ் வரும்வரைக்கும் பொறு, பஸ் போகும்போது அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு போ என்றார். அத்தான் நன்றி சொன்னார். கனடாவில் தான் மூஸ் பார்த்த கதையையும் சொன்னார்.

முப்பது சொச்சம் கிலோமீற்றர் வீதி. காப்பெட் போட்ட நல்ல தெரு, ஒரு பக்கம் யாலவின் காடு. கல்கேப் பக்கம் வளைவு திரும்பினால், வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு தனியன். கொம்பு கிடையாது, நம் நாட்டு ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. காது விளிம்பு கிழிந்து வெளிறியிருந்தது. முதுகில் காய்ந்த சேறு. எங்களுக்கு முன்னால் பஸ்ஸொன்று வந்து மெதுவாக்கியது, கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து அரை இறாத்தல் பாணை எறிந்தார், யானை ஒதுங்கியது, பஸ் போனது. பார்த்தால் தினமும் நடக்கிற கொடுக்கல் வாங்கல். பஸ்ஸின் முதுகோடு ஒட்டிப் போகவேண்டிய அந்த நொடியில் அத்தான், சட்டம் தெரிந்த சாரதியாக, முன் வண்டிக்கும் தனக்கும் இடையே பாதுகாப்பான இடைவெளி விட்டார். அந்த இடைவெளிக்குள் யானை வந்து நின்றது.

"கண்ணாடியை ஏத்துங்கோ!" என்று அக்கா கத்தினா. சின்னவனுக்குத் தலை சுற்றுகிறது என்று பின் கண்ணாடியொன்று ஒரு சாண் இறங்கியிருந்தது. அது பெரியம்மாவின் பக்கம். மடியில் தட்டு.

யானை பக்கவாட்டாக வந்தது. சத்தமே இல்லை, அத்தனை பாரம் நடந்தும். கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் போய்ச் சாம்பல் நிறச் சுவர் வந்தது. சுவரில் மயிர் இருந்தது, கட்டையாய், கறுப்பாய், கம்பி போல. தும்பிக்கை ரப்பர் விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து இடைவெளியைக் கண்டுபிடித்தது. நுனியில் ஒரேயொரு விரல். ஈரமாக, இளஞ்சிவப்பாக, புள்ளி புள்ளியாக. உள்ளே நுழையவில்லை, முதலில் மூச்சு விட்டது. சூடான, புளித்த, பச்சைத் தழை மணம் காரை நிறைத்தது. அத்தானின் மூக்குக் கண்ணாடி பூத்துப்போனது.

இந்த இடத்தில் யானைக்காக இரண்டு வார்த்தை பேசவேண்டும். இந்தப் பழக்கம் அதன் பிறவிக் குணமல்ல. பழம் எறிந்து பழக்கியவர்கள் நாங்கள், பெரும்பாலும் பக்தர்கள். உடவளவையில் ராம்போ என்றொரு யானை மின்வேலியோரம் வருடக்கணக்காக நின்று பழம் வாங்கித் தின்று பெயர் எடுத்தது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தழை தின்கிற உடம்புக்கு எங்கள் சீப்பு வாழைப்பழம் எம்மட்டு? ஆனால் அலைந்து திரியாமல் நின்ற இடத்தில் இனிப்பு வருகிறதென்றால் எவர்தான் காட்டுக்குள் போவார்? பழத்தோடு பொலித்தீன் பையும் வயிற்றுக்குள் போகிறது. தராத வண்டியின் கதவில் கோபம் இறங்குகிறது. 2011இல் எடுத்த கணக்கில் நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 400க்கு மேல் செத்தன, யானையால் செத்த மனிதர் 150க்கு மேல். அதனால் தீனி போடாதீர்கள் என்றுதான் வனசீவராசிகள் திணைக்களம் சொல்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன், எழுதும்போது தைரியமாக.

காருக்குள் இருந்தபோது என் நினைவுக்கு வந்தது வேறு. வள்ளி கிழவனாக வந்த முருகனை மறுத்தபோது, அவர் அண்ணனைக் கூப்பிட, பிள்ளையார் யானையாக வந்து வழி மறித்த காடு இதுதான் என்கிறது கதிர்காமத்துக் கதை. செல்லக்கதிர்காமத்தில் அதற்காகவே பிள்ளையாருக்குக் கோயில். ஆக, இந்தப் பகுதியில் யானை மறிப்பது புராண காலத்து நடைமுறை. அன்றும் பயந்து போய்ப் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப் பிடித்தார் வள்ளி. இன்றும் அக்கா அதையே செய்தா. பிடிபட்டது அத்தானின் கழுத்து.

"அசையாதேங்கோ," என்றார் பெரியம்மா. அவர் குரலில் பதற்றம் இல்லை. "பிள்ளையாரே, பிரசாதம். பாத்து எடும்."

விரல் மாம்பழத்தைத் தொட்டது, விட்டது. அன்னாசியைத் தொட்டது, விட்டது. வாழைப்பழச் சீப்பைச் சுற்றி வளைத்தது. சீப்பு ஒரு சாண் இடைவெளிக்குள் போகாது என்பது அதற்கு முதல் இழுவையிலேயே விளங்கிவிட்டது. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தது. வெளியே மெல்லுகிற சத்தம் கேட்டது. எல்லாம் ஒழுங்காக முடியும் நேரத்தில் அத்தான், பின்னால் வருகிற வண்டிகளை எச்சரிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், இடப்பக்கத் தண்டை இழுத்தார்.

தண்ணீர் பீய்ச்சியது. வைப்பர் ஆடியது.

யானை பின்வாங்கி, காதை விரித்து, காரின் முன்பக்கம் வந்தது. இப்படி ஒரு வண்டி அது பார்த்ததில்லை போலும். ஆடுகிற வைப்பரைக் கொஞ்ச நேரம் தலையாட்டிப் பார்த்தது. பிறகு தும்பிக்கையால் ஒன்றைப் பிடித்து, முருங்கைக்காய் ஒடிப்பதைவிட இலேசாக ஒடித்து, வாயில் வைத்து, பழமல்ல என்று கண்டு வீதியில் போட்டது. எதிரே லொறியொன்று வந்தது. அதில் என்ன மணம் வந்ததோ, தனியன் எங்களை மறந்து அதை நோக்கி நடந்தது.

"முருகா!" என்று அப்போதுதான் அத்தான் வாய் திறந்தார். கனடாவில் கோயில் நிர்வாகத்தோடு கொள்கை ரீதியாக முரண்பட்டு, சாமி இல்லை என்று பத்து வருடமாக வாதாடி வருபவர்.

கொழும்பில் கார் திருப்பிக் கொடுத்தபோது அதே பெடியன் அதே படிவத்தோடு வந்தான். முன் கண்ணாடியில் காய்ந்த சளியை விரலால் சுரண்டிப் பார்த்தான். மழையே பெய்யாத ஊருக்குப் போய் வைப்பர் எப்படிப் போனது என்று கேட்டான். அத்தான் சொன்னார். அவன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. படத்தில் வைப்பரைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் சிங்களத்தில் ‘அலியா’ என்று எழுதி, விலை சொன்னான். முன்னரும் எழுதிய கை என்பது எழுத்தின் வேகத்தில் தெரிந்தது.

மூத்தவள் முழுவதையும் தொலைபேசியில் பிடித்திருந்தாள். குடும்ப வாட்ஸ்அப்பில் அது ஒஸ்லோ, லண்டன், மெல்பேர்ண் எங்கும் போனது. படம் முழுக்கத் தும்பிக்கை, ஒரு மூலையில் பெரியம்மாவின் முகம். ஒஸ்லோச் சித்தியின் குரல் பதிவு முதலில் வந்தது. யானையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "என்ன பிள்ளையள், அக்காவை ஒருத்தரும் வடிவாப் பாக்கிறேல்லையோ? நல்லா மெலிஞ்சு போட்டா."

தொலைபேசியைப் பெரியம்மாவின் வாயருகே பிடித்தேன்.

"மெலியாமல்? என்ர சீப்பு முழுக்க ஆர் திண்டதெண்டு வீடியோவில தெரியேல்லையோ?"